கடல் கொண்ட டன்விச்

நிலப்படத்தில் கடற்கரையை நாம் ஒரு கோடாக வரைகிறோம். பல்லாண்டுகள் அக்கோட்டைக் கரும்பலகையில் வரைந்த எனக்கும், அது மாறாத கோடு என்னும் எண்ணமே ஊன்றியிருந்தது. அவ்வெண்ணத்தைத் திருத்திய ஊர் ஒன்றைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் கீழைக் கரையில், சபோக் மாவட்டத்தில், டன்விச் என்னும் சிற்றூர் இருக்கிறது. சில வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு விடுதி, ஒரு சிறு பொருட்காட்சிச் சாலை. இவ்வளவே இன்றைய ஊர். ஆனால், பதின்மூன்றாம் நூற்றாண்டில் இது கப்பல்கள் நெருங்கி நின்ற பெருந்துறைமுகம்.

அந்நகர் அழிந்தது எவ்வாறு? டன்விச்சின் கரை பாறையன்று. மணலும் சரளையும் படிந்த மேடு. அலைகள் அடியை அரிக்க, மேற்பகுதி தானே சரிகிறது. 1086ஆம் ஆண்டின் அரசாங்க நிலக்கணக்கிலேயே இங்குக் கடல் கொண்ட நிலத்தைப் பற்றிய குறிப்பு உண்டு. 1286இல் எழுந்த பெரும்புயல் நகரின் ஒரு பகுதியை வாரிச் சென்றது. எனினும், நகரின் உயிரைக் குடித்தது 1328ஆம் ஆண்டுப் புயலே. அது கூழாங்கற்களைக் குவித்துத் துறைமுக வாயிலை அடைத்தது. ஆறு வடக்கே வேறு வழி தேடிக்கொண்டது. வாணிகமும் அதனுடன் சென்றது. வருவாய் இழந்த நகரால் கடலை எதிர்த்து நிற்க இயலவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் தெருக்களும் ஆலயங்களும் வீழ்ந்தன. அனைத்துப் புனிதர் ஆலயம் 1904இல் சரியத் தொடங்கியது. அதன் கோபுரம் 1919இல் கடலில் விழுந்தது.

நகரம் போயிற்று, அதன் உரிமையோ போகவில்லை! 1298 முதல் டன்விச் பார்லிமெண்டுக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பி வந்தது. தெருக்கள் நீரில் மூழ்கிய பின்னும், எஞ்சிய சிலரே அவ்விருவரையும் தேர்ந்தனர். அதே காலத்தில், ஆலைத் தொழிலால் பெருகிய மாஞ்செஸ்டர் நகருக்குத் தனியே ஓர் உறுப்பினரும் இல்லை. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டமே இம்முறைகேட்டை நீக்கியது.

கடலடியில் கிடக்கும் மணிகள் இன்றும் ஒலிப்பதாக அவ்வூரார் கதை சொல்வர். ஆராய்ச்சியாளரோ ஒலியலைக் கருவிகளைக் கொண்டு, கலங்கிய நீருக்கடியில் ஆலய இடிபாடுகளைக் கண்டு படம் வரைந்துள்ளனர்.

கடல் தன் கோட்டை இடைவிடாது திருத்திக்கொண்டே இருந்தது. மனிதர் தம் ஏட்டைத் திருத்த ஐந்து நூற்றாண்டுகள் ஆயின. டன்விச்சின் வரலாற்றில் நாம் கருதிப் பார்க்க வேண்டியது இதுவே.