இருண்டது காலமா, நம் கண்களா?

வில்லாபுரத்தினின்று கீழ்த்திசையாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால், வைகையின் தென்கரையில் கீழடி என்னும் சிற்றூர் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டில் அவ்வூர்த் தென்னந்தோப்புகளின் அடியிலிருந்து செங்கற் சுவர்களும், உறைகிணறுகளும், எழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டது முதல் அதன் பெயர் தமிழ் மக்கள் நாவில் ஓயாது ஒலித்து வருகிறது. அதன் தொன்மை கி.மு. 6-ஆம் நூற்றாண்டைத் தொடுகிறதென்று 2019-ல் மாநிலத் தொல்லியல் துறை அறிவித்தபோது நாமும் பெருமகிழ்ச்சி கொண்டோம். ஆனால் நேயர்களிடம் இன்று நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அந்நகரம் எப்பொழுது தோன்றியது என்று ஆர்வத்துடன் வினவுகிறோமே, அது எவ்விதம் முடிந்தது என்று ஏன் வினவுவதில்லை?

சங்ககாலப் பாண்டியர் மறைந்த பின், 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடுங்கோன் தோன்றும் வரை, சுமார் முந்நூறு ஆண்டுகளை நம் சரித்திர ஆசிரியர் பலர் ‘இருண்ட காலம்’ என்று ஒரே சொல்லில் கடந்து விடுகின்றனர். அதற்குப் பெருஞ் சாட்சியாக நிறுத்தப்படுவது வேள்விக்குடிச் செப்பேடு. அதுவோ 8-ஆம் நூற்றாண்டில், களப்பிரரை அகற்றி நாட்டை மீட்ட வமிசத்தார் எழுதுவித்தது. வென்றவனுடைய வாக்குமூலத்தை மட்டும் கேட்டுத் தோற்றவனுக்குத் தீர்ப்பெழுதுவது நியாயமாகுமா?

இவ்விஷயத்தில் நம்மை ஆண்ட ஆங்கிலேயரின் சொந்த நாட்டுக் கதை நமக்குப் படிப்பினையாகும். கி.பி. 410-ஐ ஒட்டி ரோமரின் ஆட்சி பிரிட்டனில் ஓய்ந்தது. பின்னர் ஆங்கிலோ-சாக்ஸனியர் தலையெடுத்த காலத்தை அவர்களும் இருண்ட காலமென்றே அழைத்தனர். சில்செஸ்டர் என்னும் ரோமப் பட்டணத்தை 1890 முதல் 1909 வரை அகழ்ந்தவர்கள் கற்சுவர்களையே தேடிச் சென்றனர். மரவீடுகள் மண்ணில் விட்டுச்சென்ற மெல்லிய தடங்கள் அவர்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை. 1966 முதல் 1990 வரை ராக்ஸ்டர் என்னும் மற்றொரு பட்டணத்தை ஆராய்ந்த பிலிப் பார்க்கர், மேல்மண்ணை அங்குலம் அங்குலமாகத் துடைத்துப் பார்த்தார். இடிந்த ஸ்நான மண்டபத்தின் கற்குவியல் மீதே பிற்காலத்தவர் மரக்கட்டிடங்கள் எழுப்பியிருந்ததாக அறிவித்தார். அவை எத்தனை என்பதில் அறிஞரிடையே இன்னும் வாதம் உண்டு. எனினும் மேல்மண்ணையும் சாட்சியாக மதிக்கவேண்டும் என்பதில் வாதமில்லை.

இது நிற்க. நம் நாட்டு நிலை என்ன? மதுரையில் 4, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ரோமச் சிறு செப்புக் காசுகள் கிடைத்துள்ளன. பிரிட்டன் ரோமரை இழந்த அந்நாட்களில், மதுரைக் கடைவீதிக்கும் மேற்றிசைக்கும் இருந்த தொடர்பு முற்றும் அறுந்து விடவில்லை என்பதன்றோ இதன் பொருள்? வச்சிரநந்தி என்னும் சமண முனிவர் 470-ஐ ஒட்டி மதுரையில் திராவிட சங்கம் நிறுவினார் என்று சமண நூல் கூறுகிறது. புத்ததத்தர் களப்பிர அரசன் காலத்தில் காவிரிக் கரையிலிருந்து பாளியில் நூலியற்றினார். கீழடி அமைந்த அதே சிவகங்கை மாவட்டத்தில், பூலாங்குறிச்சிப் பாறையில், 5-ஆம் நூற்றாண்டினதாகப் பலர் கருதும் தமிழ்ச் சாசனம் தேவகுலங்களைப் பற்றிப் பேசுகிறது. எழுத்தும், கோயிலும், வாணிகமும் இருந்த காலத்தை இருளென்பது எங்ஙனம்?

ஆயினும் அக்காலத்து மக்கள் எவ்வகை வீட்டில் வாழ்ந்தனர், எக்கலத்தில் உண்டனர் என்பதைச் சாசனம் சொல்லாது, மண்தான் சொல்லவேண்டும். கீழடியைப் பற்றி மத்திய தொல்லியல் துறையிடம் 2023-ல் அளிக்கப்பட்ட அறிக்கை, அந்நகரின் வாழ்வைக் கி.மு. 8 முதல் கி.பி. 3-ஆம் நூற்றாண்டு வரை வகுத்தது. 2025-ல் அத்துறை அதனைத் திருத்தக் கோரியதும், ஆசிரியர் மறுத்ததும், அதனால் எழுந்த பூசலும் நேயர்கள் அறிந்ததே. அப்பூசல் பெரும்பாலும் தொடக்கத்தைப் பற்றியதே. முடிவைப் பற்றிப் பேசினார் மிகச் சிலர். கட்டிடங்களை மூடிய வண்டலோ ஆயிரம் ஆண்டுகளுக்குச் சற்று முற்பட்ட வெள்ளத்தினது என்று 2025-ல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டுகிறது. மூன்றாம் நூற்றாண்டுக்கும் அவ்வெள்ளத்துக்கும் இடையே பல நூறு ஆண்டுகள் கிடக்கின்றன. குடிகள் ஊரை விட்டு அகன்றனரா? அகன்றார் எங்கே சென்றனர்? எஞ்சினார் பழைய செங்கல்லைப் பெயர்த்துப் புதுக்குடில் அமைத்தனரா? மேலடுக்குகளே இதற்கு விடை தரவேண்டும். அவையே முதலில் ஏர்முனைக்கும், செங்கல் பெயர்ப்போருக்கும், ஆழத்தை நாடும் அவசரத்துக்கும் இரையாகின்றன.

ஆதலின் தேசாபிமானிகளுக்கு நமது விண்ணப்பம் இது. பழமையின் உச்சத்தைத் தேடும் உற்சாகத்தில் பாதியையேனும் மேல்மண்ணுக்குத் தாருங்கள். அகழ்ந்ததை அகழ்ந்தபடி உரிய காலத்தில் வெளியிடும்படி எவ்வரசாயினும் வற்புறுத்துங்கள். வில்லாபுரத்தின் வயல்கள் நம் கண்முன்னே தெருக்களாயின. வைகைக் கரையின் மேடுகளும் மனைகளாய்க் கூறுபடுமுன் அவற்றைக் காக்க முந்துங்கள். பிறந்த நாளை மட்டும் அறிந்து, பட்ட துயரையும் மீண்ட வகையையும் அறியாத ஜாதி, தன் சரித்திரத்தை அறிந்த ஜாதியாகாது.