பம்பு போச்சு என்றால், எந்தப் பம்பு?

நம் சங்கத்து அன்பர்களில் பிக்அப் வண்டி வைத்துப் பிழைப்பவர்களை எண்ணினால் இரண்டு கை விரல்கள் போதாது. இட்லி மாவு, வாழையிலை, பூ, தண்ணீர் கேன், பந்தல் சாமான் என்று புனே நகரின் மூலைமுடுக்கெல்லாம் நம்மவர் வண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் பல, கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத பழைய டீசல் வண்டிகள். இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்கு. வண்டி இல்லாதவர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வீட்டில் ஒரு மைத்துனரோ மாப்பிள்ளையோ வைத்திருப்பார்.

நான் குல்டேக்டி மார்க்கெட் யார்டிலிருந்து பிம்பரி, சிஞ்ச்வட் பக்கத்து மெஸ்களுக்கு இலையும் காய்கறியும் கொண்டுபோய்ப் போடுகிறவன். வாரத்துக்கு ஒரு நடை சத்தாராவுக்கும் உண்டு. மூன்று வாரமாக வண்டி காலையில் சட்டென்று பிடிக்கவில்லை. கம்பட்கி மலைப்பாதையில் பாரத்தோடு ஏறும்போது, யாரோ கழுத்தைப் பிடித்து நெரிப்பதுபோல் இஞ்சின் திணறியது. ஓரமாக நிறுத்தி இரண்டு நிமிடம் கழித்து எடுத்தால் ஒன்றும் நடக்காததுபோல ஓடியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பம்பு போச்சு, இறக்கி காலிப்ரேஷன் போடணும்" என்றார்கள். இருபதாயிரம் ரூபாய், நான்கு நாள். பணத்தைவிட அந்த நான்கு நாள்தான் எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது. காலை ஆறு மணிக்கு இலை வராவிட்டால் மெஸ்காரர் ஒரு நாள் பொறுப்பார், இரண்டாம் நாள் வேறு ஆள் பார்த்துவிடுவார்.

அன்று சாயங்காலம் மார்க்கெட் யார்டில் வெங்காயம் இறக்க வந்திருந்த நாமக்கல் லாரி டிரைவர் ஒருவரிடம் புலம்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஏனுங்கண்ணா, பெரிய பம்பைக் கழட்டறதுக்கு முன்னால சின்ன பம்பைப் பாத்தாங்களா?"

டீசல் வண்டியில் பம்பு இரண்டு. 'பம்பு போச்சு' என்று ஒருவர் சொன்னால் எந்தப் பம்பு என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். பெரியது இன்ஜெக்‌ஷன் பம்பு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளந்து, 200 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நாஸிலுக்கு டீசலை அனுப்புவது அது. அதன் விலாவில் ஒட்டிக்கொண்டு கைமுட்டி அளவில் ஒன்று இருக்கும். அதுதான் லிஃப்ட் பம்பு. நம் பட்டறைகளில் ஃபீட் பம்பு. டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகப் பெரியவருக்குக் கொண்டுவந்து கொடுப்பதுதான் இதன் வேலை. அழுத்தமும் ஒன்றிலிருந்து இரண்டரை பாருக்குள்தான். சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் பையன் வராவிட்டால் உலை ஏறாது அல்லவா?

இந்தச் சின்ன பம்பின் உள்ளே நடப்பது அழகான விஷயம். இன்ஜெக்‌ஷன் பம்பின் கேம் சுழலும்போது ஒரு பிளஞ்சரைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் டீசல் ஒரு அறையிலிருந்து மறு அறைக்கு மாறுகிறது, அவ்வளவே. கேம் விலகியதும் பின்னாலிருக்கும் ஸ்பிரிங் பிளஞ்சரைத் திருப்பித் தள்ளும்போதுதான் டீசல் ஃபில்டருக்குப் போகிறது. அதே நேரத்தில் டாங்கியிலிருந்து புதிதாகவும் உறிஞ்சிக்கொள்கிறது. அதாவது அனுப்புவது கேம் அல்ல, ஸ்பிரிங். முன்னால் டீசல் நிரம்பி அழுத்தம் ஏறிவிட்டால் ஸ்பிரிங்கால் தள்ள முடியாமல் பிளஞ்சர் தானாகவே அடங்கி நிற்கும். ஒரு ஒயரும் இல்லாமல் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. ராபர்ட் போஷ் நிறுவனம் டீசல் இன்ஜெக்‌ஷன் பம்பை வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கியது 1927-ல். இந்த ஏற்பாடு அந்தக் காலத்து மூளை.

ஸ்பிரிங் தளர்ந்தாலோ, பிளஞ்சர் தேய்ந்தாலோ, உள்ளே இருக்கும் இரண்டு வால்வுகளில் ஒன்று சரியாக உட்காராவிட்டாலோ டீசல் குறையும். சும்மா ஓடும்போது தெரியாது; ஏற்றத்தில் அதிக டீசல் கேட்கும்போது தெரியும். நிறுத்திவைத்தால் மெல்ல நிரம்பி மறுபடி ஓடும். என் வண்டியின் கதை அப்படியே இதுதான்.

ஆனால் இதே அறிகுறி வேறு காரணங்களாலும் வரும். ஆகவே சோதனையில் செலவில்லாததை முதலில் பார்ப்பது நல்லது. நான் வீட்டருகே கட்கியில் சாலையோரப் பட்டறை வைத்திருக்கும் மராத்தி மிஸ்திரியிடம் போனேன். அவர் டாங்கி மூடியைத் திறந்து, 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கிறதா என்று கேட்டார். மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தால் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி எந்தப் பம்பும் திணறும். அது சரியாக இருந்தது. ஃபீட் பம்பின் வாயிலில் இருக்கும் சின்ன ஜாலியைக் கழற்றிக் கழுவினார். ஃபில்டர் மாற்றி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

அடுத்து நாமக்கல்காரர் சொன்ன கேன் சோதனை. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல், அதிலிருந்து ஒரு புது ஹோஸ் நேராக ஃபீட் பம்புக்கு. டாங்கியும் பழைய குழாயும் ஆட்டத்திலேயே இல்லை. இப்படி ஓட்டி வண்டி சரியானால் குற்றவாளி குழாய். உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாமல் காற்றுதான் உள்ளே போகும் என்பதால், கண்ணுக்குத் தெரியாது. எங்கள் வண்டி கேனிலும் அப்படியே திணறியது. கடைசியாக, பம்பிலிருந்து ஃபில்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தோம். நல்ல பம்பு என்றால் விட்டுவிட்டு வலுவாகப் பீச்ச வேண்டும். இது குழந்தை வாயில் ஒழுகும் பால்போல வந்தது. தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

மிஸ்திரி அதோடு நிற்கவில்லை. ஆயில் குச்சியை உருவி என் மூக்கருகே நீட்டினார். டீசல் வாடை. அளவும் மேல் கோட்டைத் தாண்டியிருந்தது. ஆயில் குறையாமல் இருந்தால் சந்தோஷப்படுகிறோம். கூடினால் பயப்பட வேண்டும். ஃபீட் பம்பின் தேய்ந்த தண்டைச் சுற்றி டீசல் கசிந்து, இன்ஜெக்‌ஷன் பம்பின் கேம் அறை வழியாக இஞ்சின் ஆயிலில் கலந்துகொண்டிருந்தது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். இன்னும் சில வாரம் இப்படியே ஓடியிருந்தால் பேச்சு பம்போடு நின்றிருக்காது, கிராங்க் வரை போயிருக்கும். வாசகர்கள் வேறெதை மறந்தாலும் இந்தக் குச்சியை மறக்க வேண்டாம்.

புதுப் பம்பு நானா பேட்டில் வாங்கினேன். கடையில் இன்றும் 'மைக்கோ' என்றுதான் கேட்கிறோம். 1951-ல் பெங்களூரில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெயர் 2008-லேயே போஷ் லிமிடெட் ஆகிவிட்டது, வாய் மாறவில்லை. பழைய பம்பைக் கையோடு கொண்டுபோய், அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டு வாங்க வேண்டும். தண்டின் நீளம் மாறினால் உயிருக்கே ஆபத்து, வண்டியின் உயிருக்கு. அச்சடித்த பில் தராத கடையில் வாங்காதீர்கள். இரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

மாட்டும் வேலை ஒரு மணி நேரம்கூட இல்லை. முதலில் பம்பைச் சுற்றி டீசலும் பிரஷும் கொண்டு நன்றாகக் கழுவினார். ஒரு மணல் துகள் உள்ளே போனால் போதும், பெரிய பம்பின் எலிமெண்ட் கீறல் விழும். குழாய்களைக் கழற்றி வாயைச் சுத்தமான துணியால் கட்டினோம். என் வண்டியில் பம்பைப் பிடித்திருப்பது மூன்று நட். கழற்றுவதற்கு முன் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு இஞ்சினைக் கொஞ்சம் திருப்பி, கேம் பம்பைத் தள்ளாத இடத்தில் நிறுத்தினார். இல்லாவிட்டால் மாட்டும்போது ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகி காதே உடைந்துவிடும். பழைய காஸ்கெட்டைச் சுரண்டி, அதே கனத்தில் புதியதை வைத்து மூன்று நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினார். செம்பு வாஷர்கள் எல்லாம் புதிது. பழையதை நெருப்பில் சுட்டுத் திரும்பப் போடுகிற வழக்கம் உண்டு. ஆனால் நாலு ரூபாய் வாஷரில் மிச்சம் பிடித்து நடுரோட்டில் காற்றோடு சண்டை போடுவானேன்?

பிறகு காற்று எடுப்பது. ஃபில்டர் மேலிருக்கும் திருகைத் தளர்த்தி, பம்பின் தலையிலுள்ள கை பம்பை அடிக்க வேண்டும். டார்ச் பிடித்திருந்த என் மகன் "அப்பா, இன்னும் குமிழ் வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். குமிழ் நின்று தெளிவாக டீசல் வந்ததும் மூடி, அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பிலுள்ள திருகு. வரிசை இதுதான். கை பம்பின் குமிழை அமுக்கித் திரும்ப முறுக்கி மூடினார் மிஸ்திரி. "அண்ணா, இதை விட்டால் இங்கேயே ஹவா" என்றார் இந்தியில். கடைசியாக நாஸில் பைப் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்கினார். வண்டி நாலாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஓடும் இஞ்சினில் நாஸில் பைப் கசிகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும். ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

புது வண்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்பேனர் எடுத்துவிட வேண்டாம். பாரத் ஸ்டேஜ் நான்கு 2017 ஏப்ரலிலும், ஆறு 2020 ஏப்ரலிலும் நாடு முழுக்க வந்தபின், காமன் ரெயில் முறைதான் எங்கும். அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். பல வண்டிகளில் லிஃப்ட் பம்பு மின்சாரத்தில் இயங்கி டாங்கிக்குள்ளேயே இருக்கிறது. அங்கே நாஸில் பைப்பைத் தளர்த்திக் காற்று எடுக்கும் வேலை ஆகாது. ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போவதே முறை.

அன்றே இஞ்சின் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றினோம். ஒரு வாரம் தினமும் காலையில் குச்சியைப் பார்த்தேன். அளவு ஏறவில்லை, வாடையும் இல்லை. சனிக்கிழமை எழுநூறு கிலோ பாரத்தோடு கம்பட்கி ஏறியது, மூன்றாவது கியரில். பழைய பம்பைத் தூக்கி எறியவில்லை. ரிப்பேர் கிட் போட்டு, துணியில் சுற்றி, நாலு வாஷரோடு சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நம்மவர் யாருக்காவது வழியில் தேவைப்பட்டால் எண் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத் தருகிறேன்.