பங்குனி மாதத்தில் குடியானவர் வீடும் உளுந்துச் சேமிப்பும்

காவேரிப் பாசனப் பிரதேசத்தில் தை மாதத்தில் சம்பா, தாளடி அறுவடை முடிந்தவுடன் குடியானவருக்கு ஓய்வு காலம் வந்துவிட்டதாக எண்ணுவது பொது வழக்கம். மேட்டூர் அணையை ஜனவரி 28-ஆம் தேதி மூடி ஜூன் 12-ஆம் தேதி திறப்பது நெடுநாளைய முறையாதலால், இடைப்பட்ட மாதங்களில் வாய்க்காலில் தண்ணீர் இராது. உழவும் நடவும் நின்றிருக்கும். ஆயினும் இரண்டு அல்லது மூன்று ஏக்கர் மட்டுமே உள்ள சிறு குடித்தனத்தில் மாசியும் பங்குனியும் ஓய்வு மாதங்கள் அல்ல. அப்பொழுது விவசாய வேலை வயலை விட்டு வீட்டு முற்றத்திற்கு வருகிறது. ஆண்களின் கையிலிருந்து பெரும்பாலும் பெண்கள், முதியோர் கைக்கு மாறுகிறது.

இம்மாதங்களில் அதிகாலையில் பனி இருக்கும். வாசல் தெளித்துக் கோலமிட்டு மாடு கறந்தான பின் குடும்பத் தலைவர் உளுந்து வயலைப் பார்வையிடச் செல்வார். வெயில் ஏறியதும் முற்றத்தில் பாய்கள் விரிக்கப்படும். ஒரு பாயில் விதை நெல், மற்றொன்றில் ஓடு நீக்கிய புளி, வேறொன்றில் மிளகாய், இன்னொன்றில் வடாம் என்று யாவும் காயும். பாட்டி திண்ணையில் அமர்ந்து காக்கையையும் கோழியையும் விரட்ட, மருமகள் முறத்தால் புடைத்துக் கொண்டிருப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் புளியில் கொட்டை எடுப்பார்கள். இவ்வேலைகள் யாவும் ஆண்டு முழுவதற்குமான ஆகாரத்தையும் விதையையும் காப்பதற்கே நடைபெறுகின்றன. இங்ஙனம் காக்கப்படும் பொருள்களில் எளிதில் கெட்டுப்போவது உளுந்து.

நெல் தரிசில் உளுந்து விதைக்கும் முறை யாவரும் அறிந்ததே. சம்பா அல்லது தாளடி நெல்லை அறுப்பதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களுக்கு முன், நிலம் மெழுகு பதமாக இருக்கையில், ஏக்கருக்குச் சுமார் 12 கிலோ விதையை நிற்கும் பயிரினூடே தெளிக்கிறார்கள். உழவும் பாசனமும் இன்றி, மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே அது வளர்ந்து, 65 முதல் 70 நாட்களில் பங்குனியில் களத்துக்கு வருகிறது. செலவு குறைவான இந்த வெள்ளாமையில் ஒரு பாகம் விற்றுக் கடன் அடைக்கவும், பிள்ளைகளின் படிப்புக்கும், குறுவைச் செலவுக்கும் உதவுகிறது. மீதி வீட்டு உபயோகத்துக்கும் அடுத்த தை விதைப்புக்கும் வைக்கப்படுகிறது.

அவ்வாறு வைத்த பானையை ஆவணியில் திறந்து பார்த்தால், பல வீடுகளில் உளுந்தெல்லாம் துளை விழுந்து மாவு உதிரக் காணலாம். ‘பானையில் வண்டு பிறந்துவிட்டது’ என்று சொல்வது வழக்கம். உண்மையில் வண்டு பானையில் தானாகப் பிறப்பதில்லை. வயலில் நெற்றுக்கள் முதிரும் சமயத்திலேயே பெண் வண்டு பறந்து வந்து அவற்றின் மேல் முட்டையிட்டு விடுகிறது. களத்திலும் வீட்டிலும் மணியின் தோலின் மேலேயே முட்டையை ஒட்டிவைக்கிறது. கூர்ந்து நோக்கினால் அது வெள்ளைப் புள்ளி போலத் தெரியும். முட்டையினின்று வெளிவரும் புழு நேரே மணிக்குள் துளைத்துச் சென்று பருப்பைத் தின்று வளர்கிறது. அதனால் வெளிப்பார்வைக்கு உளுந்து நன்றாகவே தோன்றும். வெயில் காலத்தில் சுமார் 4 வாரங்களுக்குள் புழு வண்டாக மாறி, வட்டமான துளை வழியே வெளிப்படும். துளை தெரியும்பொழுது சேதம் முடிந்துவிட்டது என்பதே பொருள்.

வண்டு ஒவ்வொரு மாதமும் பத்து மடங்கு பெருகுவதாக மட்டும் வைத்துக் கணக்கிட்டாலும், பங்குனியில் பானைக்குள் சென்ற 10 வண்டுகள் சித்திரையில் 100, வைகாசியில் 1,000, ஆனியில் 10,000 ஆகும். ஆகையால் பங்குனியில் செய்யும் ஒரு நாள் வேலையை ஆடியில் பத்து நாள் வேலையாலும் ஈடு செய்ய இயலாது.

செய்ய வேண்டியவை வருமாறு. பெரும்பாலான நெற்றுக்கள் கறுத்தவுடன் காலம் தாழ்த்தாமல், பனி ஈரம் உள்ள காலை வேளையில் அறுவடை செய்தல் வேண்டும். வெயிலில் அறுத்தால் நெற்று வெடித்து மணி சிதறும். செடியை வேரோடு பிடுங்காமல் அடியில் அறுத்தால், வேர் முடிச்சுக்களிலுள்ள தழைச்சத்து நிலத்திலேயே தங்கும். கொடி மாட்டுக்குத் தீவனமாகும்.

அடித்துத் தூற்றிய உளுந்தை நன்றாக உலர்த்துவது அவசியம். 100-க்கு 10 பங்குக்கு மேல் ஈரம் இருத்தலாகாது. பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் ‘கடுக்’கென்று உடைய வேண்டும் என்று மூதாட்டியர் சொல்லும் சோதனை சரியானதே. ஆகாரத்துக்கானதை உச்சி வெயிலிலும் காய வைக்கலாம். விதைக்கானதை நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை நிழலுக்கு மாற்றிவிட வேண்டும். காய்ந்த சூட்டோடு பானையில் கொட்டினால் உள்ளே வியர்வை உண்டாகும். ஆகையால் சூடு ஆறிய பின்னரே கொட்ட வேண்டும்.

புது உளுந்தைப் பழைய உளுந்தோடு ஒருபோதும் கலத்தலாகாது. பானை, குதிர், பத்தாயம் ஆகியவற்றின் வெடிப்புக்களை மண்ணும் சாணமும் கொண்டு பூசி உலர விட வேண்டும். பழைய சாக்குகளைக் கொதிநீரில் தோய்த்துக் காய வைக்க வேண்டும். ஆகாரத்துக்கான உளுந்தில் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி வரை சமையல் எண்ணெய் பிசறி வைத்தால், எண்ணெய்ப் படலம் முட்டைக்குக் காற்றுப் புகாமல் தடுக்கும். விதைக்கான உளுந்தில் சலித்த உலர்ந்த சாம்பலைக் கலந்தால் மணிகளின் இடைவெளி அடைபட்டு வண்டு நடமாட முடியாது. இரண்டிலும் பானையின் மேல் சுமார் 3 செ.மீ. கனத்துக்கு உலர்ந்த மணலையோ சாம்பலையோ பரப்பி மூடுவது நலம். சமையலுக்கு வேண்டியதில் ஒரு பாகத்தைத் திரிகையில் உடைத்துப் பருப்பாக வைக்கலாம். வண்டு முழு மணியையே நாடுவதால் உடைத்த பருப்பில் சேதம் குறைவு. பூச்சி மருந்து கலந்த விதையைச் சமையலறைக்குள் வைத்தல் உயிருக்கே ஆபத்தாகும்.

மார்கழியில் விதைப் பானையிலிருந்து 100 மணிகளை எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்து, 7 நாளில் 75-க்குக் குறையாமல் முளைத்தால் விதை தகுதியானது. குறைந்தால் வேறு விதை தேடிக்கொள்ள அப்பொழுதும் நாள் இருக்கும்.

கிராம அதிகாரிகளும் ஊராட்சியாரும் இதில் செய்யக்கூடியது உண்டு. பொதுக் களங்களைப் பங்குனிக்கு முன் செப்பனிட்டுக் குடும்பங்களுக்கு முறை வைத்துக் கொடுத்தால், விபத்துக்கு இடமான சாலைகளில் உளுந்தைப் பரப்பி அடிக்கும் வழக்கம் குறையும். விவசாயக் கூட்டங்களுக்குப் பெரும்பாலும் ஆண்களே அழைக்கப்படுகிறார்கள். விதைப்பவர் அவர்களாயினும் பானையை மூடி வைப்பவர் வீட்டுப் பெண்களே. ஆதலால் இவ்விஷயத்தைப் பற்றிப் பேசும் கூட்டம் எதுவாயினும் அதற்கு அவர்களை முதலில் அழைத்தல் வேண்டும். வயலில் எழுபது நாள் காத்த பயிரைப் பின்னர்ப் பத்து மாதம் காத்து நிற்பது அவர்கள் கையே.