பழைய டீப்பாய்: கவிழ்த்துப் பார்த்து வாங்குவோம்

மும்பை சோர் பஜார் முதல் காரைக்குடி வரை, பழம்பொருள் கடைகளில் "நூறாண்டுத் தேக்கு" என்ற சொல்லைக் கேட்கிறோம். விலை பேசுமுன் டீப்பாயைக் கவிழ்த்துப் பார்ப்பது நலம்.

சோபாவின் முன் இடும் தாழ்வான மேசை பரவலானது 20ஆம் நூற்றாண்டில்தான். அதனினும் பழையது என்றால், உயர்ந்த மேசையின் கால்களை அறுத்துக் குறைத்ததாகவோ பழங்கதவில் செய்ததாகவோ இருக்கலாம். கால் நுனியில் புதிய அறுப்பு உள்ளதா எனப் பார்ப்போம். கூட்டல் குறித் தலையுள்ள திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அது இருந்தால் காரணம் கேட்போம். துளைகளிலிருந்து புதிய மரத்தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கலாம். அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டா.

மாற்றியமைத்த மேசை குறைந்ததன்று. அதற்குப் பழம்பொருளின் விலை தருவதே இழப்பு. மரம், காலம், பழுது ஆகியவற்றை ரசீதில் எழுதித் தரக் கேட்போம். எழுதத் தயங்கினால், மேசைக்குரிய விலையை மட்டும் தருவோம், பழமைக்கன்று.