பங்கு சேர்த்து எட்டிய உடன்பாடு

அமெரிக்காவில் குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டால், அது நல்ல சட்டமாகத்தான் இருக்கும் என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். எந்நேரமும் மோதிக்கொள்ளும் இரு தரப்பும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம். அதனால் வரும் நிம்மதி இயல்பானதே. ஆனால் எரிசக்தித் துறையில் அந்த நிம்மதிக்கு மக்கள் கொடுத்த விலை பெரிது. அங்கே கட்சிகள் விட்டுக்கொடுத்து ஒத்துப்போவதைவிட, ஆளுக்கொரு பங்கைச் சேர்த்துக்கொண்டு ஒத்துப்போவதுதான் அதிகம். பங்குகளுக்கெல்லாம் பணம் கட்டுகிறவர் அந்தப் பேச்சுவார்த்தையில் இருப்பதில்லை.

மக்காச்சோள எத்தனாலை எடுத்துக்கொள்வோம். 2005-இல் வந்த எரிசக்திக் கொள்கைச் சட்டம் செனட்டில் 74-க்கு 26 என்ற கணக்கில் நிறைவேறியது. எண்ணெய், எரிவாயு நிறுவனங்களுக்கு வரிச்சலுகை, அணுமின் நிலையங்களுக்குக் கடன் உத்தரவாதம், காற்றாலைகளுக்குச் சலுகை, பெட்ரோலில் எத்தனால் கலக்கும் கட்டாயம் என எல்லாருக்கும் அதில் இடமிருந்தது. அன்று இல்லினாயிலிருந்து தேர்வான செனட்டராக இருந்த ஒபாமா ஆதரித்து வாக்களித்தார். அதிபர் புஷ் கையெழுத்திட்டார். 2007-இல் அந்தக் கட்டாயம் பல மடங்கு உயர்த்தப்பட்டபோது செனட்டில் எதிர்த்து வாக்களித்தவர்கள் 8 பேர்தான். எண்ணெய் இறக்குமதி குறையும் என்றனர் சிலர். புவி வெப்பம் குறையும் என்றனர் வேறு சிலர். அதிபர் வேட்பாளர் தேர்வு அப்போதெல்லாம் முதலில் தொடங்கிய ஐயோவாவோ மக்காச்சோள மாநிலம். இப்படி வெவ்வேறு காரணங்களுக்காக வாக்குகள் ஒரே பக்கம் விழும்போது, அந்தக் காரணங்களில் ஒன்றாவது உண்மையா என்று சோதித்துப் பார்க்கும் அவசியம் எவருக்கும் இல்லாமல் போகிறது.

2022-க்குள் ஆண்டுக்கு 3,600 கோடி கேலன் உயிரி எரிபொருள் வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதில் 1,600 கோடி கேலன், தட்டை, புல் போன்ற உணவல்லாத பொருள்களிலிருந்து வர வேண்டும். வணிக அளவில் அந்தத் தொழில்நுட்பமே அப்போது கிடையாது. 2010-க்கு விதித்திருந்த 10 கோடி கேலனைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 65 லட்சமாகக் குறைக்க வேண்டியிருந்தது. 2022-இலும் இலக்கில் இருபதில் ஒரு பங்குகூட எட்டப்படவில்லை. எட்டியதிலும் பெரும்பகுதி குப்பைக் கிடங்குகள் போன்ற இடங்களில் பிடித்த வாயு. மக்காச்சோள எத்தனால் மட்டும் பெருகியது. நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் ஏறத்தாழ 40 விழுக்காடு அதற்குப் போகிறது. அதனால் காற்றுக்கு நன்மையா? பெட்ரோலைவிட 39 விழுக்காடு குறைவான கரியமிலத் தாக்கம் என்றது வேளாண் துறையின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கு. புதிதாக உழப்பட்ட நிலத்தையும் உரத்தையும் சேர்த்துப் பார்த்த 2022-ஆம் ஆண்டு ஆய்வோ, 24 விழுக்காடாவது கூடுதலாக இருக்கக்கூடும் என்றது. எது சரி என்ற வாதம் தொடரட்டும்; அதற்கு விடை தெரியுமுன்பே கட்டாயம் சட்டமாகிவிட்டது என்பதே என் குறை.

ஒரு கட்சி மட்டும் கொண்டுவரும் சட்டம் நிலைக்காது என்பது வலுவான மறுப்பு. 2022-இல் ஜனநாயகக் கட்சி 51-க்கு 50 என்று நிறைவேற்றிய பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின் சலுகைகள் பலவற்றை, 2025-இல் அதே 51-க்கு 50 என்ற கணக்கில் குடியரசுக் கட்சி வெட்டியது. தொழிற்சாலை கட்டுகிறவர்களுக்கு இது பெரும் இடி. ஆனால் கூட்டுச் சட்டமும் காப்பதாகத் தெரியவில்லை. 2021-இல் 19 குடியரசுக் கட்சி செனட்டர்களும் ஆதரித்த உள்கட்டமைப்புச் சட்டம் ஹைட்ரஜன் மையங்களுக்கு 800 கோடி டாலர் ஒதுக்கியது. ஒரு மையமாவது புதைபடிவ எரிபொருளிலும், ஒன்று புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலும், ஒன்று அணுசக்தியிலும் இயங்க வேண்டும் என்று பங்கீட்டையும் எழுதி வைத்தது. அந்த ஹைட்ரஜனை வாங்கப்போவது யார் என்பதற்கு அவ்வளவு தெளிவான விடை இருக்கவில்லை. 2025-இல் கலிஃபோர்னியா, பசிபிக் வடமேற்கு மையங்களுக்கான நிதியை டிரம்ப் அரசு ரத்து செய்தது.

எல்லாக் கூட்டு முடிவும் கெட்டதா? இல்லை. 1990-இல் அமில மழையைத் தடுக்க, குடியரசுக் கட்சி அதிபரும் ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மையும் சேர்ந்து காற்றுத் தூய்மைச் சட்டத்தைத் திருத்தினார்கள். மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு உச்சவரம்பு வந்தது; புகைபோக்கிகளில் இடைவிடாது அளக்கும் கருவிகள் வந்தன; வரம்பை மீறினால் டன்னுக்கு 2,000 டாலர் அபராதம். கடுமையான வரம்பை ஒரு தரப்பு ஏற்றது. எப்படிக் குறைப்பது என்பதை நிறுவனங்களிடமே விட மறுதரப்பு சம்மதித்தது. செலவு மாசுபடுத்தியவர் தலையில் விழுந்தது, மாசும் குறைந்தது. 2011-இல், ஆண்டுக்குச் சுமார் 600 கோடி டாலர் விழுங்கிய எத்தனால் வரிச்சலுகையை நிறுத்த, இரு கட்சிகளையும் சேர்ந்த 73 செனட்டர்கள் வாக்களித்தார்கள். ஆண்டு இறுதியில் அது காலாவதியானது. இரண்டிலுமே ஒருவர் எதையோ இழக்கச் சம்மதித்திருக்கிறார். எத்தனால் கலப்புக் கட்டாயத்தில் மட்டும் அப்படி இழக்க முன்வந்தவர்களுக்கு நாடாளுமன்றத்தில் இன்றுவரை பெரும்பான்மை கிடைக்கவில்லை.