குதிரைக்கு விடுமுறை இல்லை: ஒரு லாயத்தின் வரவு செலவு

நகரத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, மரங்கள் சூழ்ந்த இடத்தில் ஒரு குதிரை லாயம் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். வரிசையாக இருபது கொட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குதிரை தலையை நீட்டி நிற்கிறது. இக்குதிரைகள் லாயக்காரருக்குச் சொந்தமானவை அல்ல. வீட்டில் குதிரை வளர்க்க இடமில்லாதவர்கள் தங்கள் குதிரைகளை இங்கே விட்டு, மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்துகிறார்கள். ஒரு குதிரைக்கு மாதக் கட்டணம் 1,800 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம்.

"இருபது குதிரைகள், மாதம் 36,000 ரிங்கிட்! லாயக்காரர் பெரும் பணக்காரராகத்தான் இருப்பார்" என்று நாம் உடனே கணக்குப் போட்டுவிடுவோம். ஆனால், 36,000 ரிங்கிட் என்பது வரவு. அதிலிருந்து செலவு போக எஞ்சுவதே இலாபம். ஒரு தொழிலின் உண்மை நிலையை அறிய வேண்டுமானால் கையில் வந்த பணத்தை மட்டும் எண்ணினால் போதாது. கையை விட்டுப் போகும் பணத்தையும் எண்ண வேண்டும். இக்கட்டுரையில் வரும் லாயமும் அதன் தொகைகளும் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக அமைக்கப்பட்ட எடுத்துக்காட்டுகளே. எனினும், செலவுகளின் தன்மை எல்லா லாயங்களுக்கும் பொதுவானது.

குதிரைக்கு என்ன தேவை?

வளர்ந்த குதிரை ஒன்றின் எடை ஏறக்குறைய 450 முதல் 500 கிலோகிராம் வரை இருக்கும். அது தன் எடையில் சுமார் இரண்டு விழுக்காட்டு அளவுக்கு நாள்தோறும் உலர்தீவனம் உண்ணும். அதாவது, நாளொன்றுக்கு ஒன்பது அல்லது பத்துக் கிலோகிராம். குதிரையின் இரைப்பை, அதன் உடலோடு ஒப்பிடும்போது மிகச் சிறியது. ஆகவே, ஒரே வேளையில் நிறையத் தீவனத்தைப் போட்டுவிட்டுப் போய்விட முடியாது. சிறிது சிறிதாகப் பல வேளை கொடுக்க வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. தவறான உணவோ, நேரந்தவறிய உணவோ கடுமையான வயிற்றுவலியை உண்டாக்கி, சில வேளைகளில் உயிரையே பறித்துவிடும்.

உணவு மட்டுமா? நம் நாட்டு வெப்பத்தில் ஒரு குதிரை நாள்தோறும் முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும். அதைக் குளிப்பாட்ட வேண்டும். கொட்டிலில் மின்விசிறி ஓட வேண்டும். படுப்பதற்கு மரச்சீவல் பரப்ப வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோகிராம் லத்தி போடும் விலங்கு அது. இருபது குதிரைகள் என்றால் 400 கிலோகிராம்! அதை அன்றன்றே அள்ளாவிட்டால் ஈக்கள் மொய்க்கும். ஈரத்தில் நிற்கும் குதிரையின் குளம்பு அழுகும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் அடிக்க வேண்டும். பல் பராமரிப்பு, தடுப்பூசி, குடற்புழு நீக்கம் ஆகியவையும் தவறக்கூடாது. லாடத்திற்கும் மருத்துவத்திற்கும் ஆகும் செலவைப் பெரும்பாலும் குதிரையின் உரிமையாளரே தனியாகச் செலுத்துவார். மற்றவை லாயக்காரரின் பொறுப்பு.

பணம் எங்கே போகிறது?

முதலில், ஒவ்வொரு குதிரைக்கும் ஆகும் செலவைப் பார்ப்போம். நாளொன்றுக்கு எட்டுக் கிலோகிராம் உலர்ந்த புல் என்றால் மாதத்திற்கு 240 கிலோகிராம். கிலோ 2 ரிங்கிட் 25 சென் வீதம் 540 ரிங்கிட் ஆகிறது. நாளொன்றுக்கு இரண்டு கிலோகிராம் அடர்தீவனம், கிலோ 3 ரிங்கிட் வீதம், மாதத்திற்கு 180 ரிங்கிட். மரச்சீவலுக்கு 120 ரிங்கிட். ஆக, ஒரு குதிரைக்கு 840 ரிங்கிட். இருபது குதிரைகளுக்கு 16,800 ரிங்கிட். குதிரைகளின் எண்ணிக்கை கூடினால் இத்தொகை கூடும், குறைந்தால் குறையும். இதனை 'மாறும் செலவு' என்பர்.

அடுத்தது 'நிலையான செலவு'. குதிரைகளின் எண்ணிக்கை சற்றுக் குறைந்தாலும் இது குறையாது. நிலத்திற்கு மாத வாடகை 5,000 ரிங்கிட். ஐந்து பணியாளர்களுக்குத் தலா 1,900 ரிங்கிட் சம்பளம் என்றால் 9,500 ரிங்கிட். அத்துடன், ஊழியர் சேமநிதிக்கும் சமூகப் பாதுகாப்புக்கும் முதலாளி செலுத்த வேண்டிய பங்கு ஏறத்தாழ 1,400 ரிங்கிட். மின்சாரம், தண்ணீர் 1,200, வேலி, கூரை, குழாய் முதலியவற்றைப் பழுதுபார்க்க 1,000, காப்புறுதி 500, லத்தியை லாரியில் ஏற்றி அனுப்ப 400. எல்லாம் சேர்ந்து 19,000 ரிங்கிட்.

இப்போது கூட்டிப் பாருங்கள். மாறும் செலவு 16,800. நிலையான செலவு 19,000. மொத்தச் செலவு 35,800 ரிங்கிட். வரவோ 36,000 ரிங்கிட். எஞ்சுவது 200 ரிங்கிட்! விடியற்காலையில் எழுந்து, இரவில் கடைசியாக ஒருமுறை கொட்டில்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படுக்கப்போகும் லாயக்காரரின் ஒரு மாத உழைப்புக்கு இதுதான் கூலி.

காலியான கொட்டில்

இருபது கொட்டில்களில் இரண்டு காலியாகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். வரவில் 3,600 ரிங்கிட் குறையும். தீவனச் செலவு குறையும் அல்லவா? ஆம், ஆனால் 1,680 ரிங்கிட் மட்டுமே குறையும். நில வாடகையில் ஒரு சென்னும் குறையாது. பதினெட்டுக் குதிரைகளுக்கும் அதே ஐந்து பணியாளர்கள் வேண்டும். எனவே, மாத முடிவில் 200 ரிங்கிட் இலாபம் 1,720 ரிங்கிட் நட்டமாக மாறிவிடும். ஒரே ஒரு கொட்டில் காலியானாலும் 760 ரிங்கிட் நட்டம்தான். பேருந்தில் காலியாக இருக்கும் இருக்கையைப் போன்றதே காலியான கொட்டிலும். அந்த இருக்கையில் ஆள் இல்லை என்பதற்காகப் பேருந்தின் எரிபொருள் செலவு பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை.

பயிற்சி என்னும் ஊன்றுகோல்

அப்படியானால், லாயங்கள் எவ்வாறு தாக்குப்பிடிக்கின்றன? பல லாயங்கள் பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் நம்பியிருப்பதில்லை. அவை சொந்தமாகச் சில குதிரைகளை வைத்துக் குதிரையேற்றப் பயிற்சி அளிக்கின்றன. சில இடங்களில் பள்ளி விடுமுறை முகாம்கள் நடத்தப்படுகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான சவாரிப் பயிற்சியும் உண்டு. லத்தியை மட்கவைத்து உரமாக விற்போரும் உளர்.

நம் லாயத்தில் இரண்டு கொட்டில்களைப் பயிற்சிக் குதிரைகளுக்கு ஒதுக்குவோம். ஒவ்வொரு குதிரையும் மாதம் 40 வகுப்புகளுக்குப் பயன்படுகிறது. வகுப்புக் கட்டணம் 120 ரிங்கிட். அதில் பயிற்றுநருக்கு 50 ரிங்கிட். மீதி 70 ரிங்கிட் வீதம் 2,800 ரிங்கிட் கிடைக்கும். தீவனத்திற்கும் மரச்சீவலுக்கும் 840, லாடத்திற்கும் மருத்துவத்திற்கும் 360 போக, 1,600 ரிங்கிட் எஞ்சும். பிறருடைய குதிரையைப் பராமரிப்பதால் எஞ்சுவது 960 ரிங்கிட்தானே? ஆகவே, இரண்டு குதிரைகளால் 1,280 ரிங்கிட் கூடுதலாகக் கிடைக்கிறது. லாயத்தின் மாத இலாபம் 1,480 ரிங்கிட் ஆகிறது.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால், 2025ஆம் ஆண்டில் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. தம் பணியாளர்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைவான தொகையையே லாயக்காரர் வீட்டுக்குக் கொண்டு செல்கிறார்! கூடுதலான வகுப்புகள் நடத்தலாமே என்று கேட்கலாம். குதிரை இயந்திரம் அன்று. வெயிலில் அளவுக்கு மீறி உழைத்தால் அது நோயுறும். மாலையில் இடியுடன் மழை பெய்தால் வகுப்பும் இல்லை, வருமானமும் இல்லை.

நம் கையில் இல்லாதவை

லாயக்காரர் எவ்வளவு கவனமாகக் கணக்கு வைத்தாலும் சில செய்திகள் அவர் கையில் இல்லை. நம் வட்டாரத்தில் நேப்பியர் போன்ற பசும்புல் வளரும். ஆனால், ஈரப்பதம் மிகுந்த நம் பருவநிலையில் தரமான உலர்புல் செய்வது கடினம். ஆகவே, திமோத்திப் புல், குதிரைமசால் எனப்படும் லூசர்ன் ஆகியவை வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வருகின்றன. அங்கே வறட்சி ஏற்பட்டாலும், கப்பல் கட்டணம் உயர்ந்தாலும், ரிங்கிட்டின் மதிப்புச் சரிந்தாலும் இங்கே புல்லின் விலை ஏறும். விலை இருபது விழுக்காடு ஏறினால் போதும். நம் லாயத்தின் செலவு மாதம் 2,160 ரிங்கிட் கூடிவிடும். 1,480 ரிங்கிட் இலாபம் கரைந்து, 680 ரிங்கிட் நட்டம் நிற்கும்.

2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. கடைகள் பல மூடப்பட்டன. தொழிற்சாலை இயந்திரத்தை நிறுத்தி வைக்கலாம். துணிக்கடையின் கதவைப் பூட்டி வைக்கலாம். குதிரையின் பசியை எப்படிப் பூட்டி வைப்பது? பயிற்சி வகுப்புகள் நின்றன. தீவனம் போடுவதும் கொட்டிலைக் கழுவுவதும் நிற்கவில்லை. நம் எடுத்துக்காட்டு லாயத்தில் வகுப்புகள் ஒரு மாதம் நின்றுபோனால் 4,120 ரிங்கிட் நட்டம் ஏற்படும். அதே ஆண்டில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் தாய்லாந்தில் பரவி நூற்றுக்கணக்கான குதிரைகளைப் பலிகொண்டது. பின்னர் அது மலேசியாவிலும் கண்டறியப்பட்டது. கடிக்கும் சிறு பூச்சிகளால் பரவும் அந்நோயைத் தடுக்கக் கொட்டில்களுக்கு நுண்ணிய வலை கட்ட வேண்டும். அதுவும் செலவே.

நிலமும் ஒரு பெரும் சிக்கல். குதிரைகளுக்கு ஓடியாடப் பரந்த திடல் வேண்டும். நகரம் வளர வளர நிலத்தின் தேவை கூடுகிறது. சிங்கப்பூரில் 1842ஆம் ஆண்டில் தொடங்கிய குதிரைப் பந்தய மன்றம், 2024 அக்டோபர் 5ஆம் நாள் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தியது. கிராஞ்சியில் உள்ள அதன் பந்தயத் திடலை, வீடமைப்பு முதலிய தேவைகளுக்காக அரசாங்கத்திடம் திரும்ப ஒப்படைக்க முடிவு செய்யப்பட்டது. நெடிய வரலாறு கொண்ட மன்றத்திற்கே இந்நிலை என்றால், வாடகை நிலத்தில் இயங்கும் சிறிய லாயத்தின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

கட்டணம் வராத குதிரை

இவை எல்லாவற்றையும்விட லாயக்காரரின் மனத்தை உறுத்தும் சிக்கல் ஒன்று உண்டு. உரிமையாளர் ஒருவர் வேலையை இழக்கிறார் அல்லது குதிரையின் மேல் ஆர்வம் இழக்கிறார். "அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்" என்கிறார். அடுத்த மாதமும் பணம் வரவில்லை. மூன்றாம் மாதம் தொலைபேசியையும் எடுப்பதில்லை. நிலுவைத் தொகை 5,400 ரிங்கிட். அக்குதிரையின் தீவனத்திற்கும் படுக்கைக்கும் மட்டும் லாயக்காரர் தம் கைப்பணத்திலிருந்து 2,520 ரிங்கிட் செலவழித்திருப்பார்.

வாடகை கட்டாத கடையை மூடலாம். பணம் வராத குதிரைக்குத் தீவனத்தை நிறுத்த முடியுமா? அது செய்த தவறு என்ன? மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்கின் தேவைகளை நிறைவேற்றும் கடமையை அதன் உரிமையாளர்மேல் சுமத்துகிறது. ஆனால், காலையில் பசியோடு கொட்டிலில் நிற்கும் குதிரையை நேரில் பார்ப்பவர் லாயக்காரர்தான். அவர் புல்லைப் போட்டுவிடுகிறார். இரக்கமுள்ள எவரும் அதைத்தான் செய்வார். ஆனால், அப்படிப்பட்ட குதிரைகள் மூன்று, நான்கு என்று பெருகினால், ஒழுங்காகக் கட்டணம் செலுத்துவோரின் குதிரைகளுக்கும் நல்ல தீவனம் வாங்கப் பணம் இருக்காது. பழுதான வேலி பழுதாகவே கிடக்கும். பணியாளர் ஒருவரைக் குறைக்க வேண்டி வரும். முடிவில், துன்பப்படுவது எல்லாக் குதிரைகளும்தான்.

அதனால்தான் அனுபவமுள்ள லாயக்காரர்கள் தொடக்கத்திலேயே எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள், முன்பணம் பெறுகிறார்கள், அவசரகாலத்திற்கென ஒரு தொகையைச் சேமித்து வைக்கிறார்கள். கட்டணத்தை உயர்த்தவும் அவர்கள் தயங்கக்கூடாது. நம் லாயத்தில் 18 உரிமையாளர்களிடம் தலா 150 ரிங்கிட் கூடுதலாக வாங்கினால் மாதம் 2,700 ரிங்கிட் கிடைக்கும். ஆனால், அதனால் மூவர் தங்கள் குதிரைகளை வேறிடத்திற்குக் கொண்டு சென்றுவிட்டால், கிடைத்த ஆதாயத்தைவிட இழப்பு மிகுந்துவிடும். எனவே, கட்டணம் ஏன் உயர்கிறது என்பதைக் கணக்கோடு எடுத்துச் சொல்லும் திறனும் லாயக்காரருக்குத் தேவை.

குதிரையின் மீதுள்ள அன்பால் பலர் இத்தொழிலுக்கு வருகிறார்கள். கட்டணம் கேட்கக் கூச்சப்பட்டு, குறைந்த தொகைக்கே ஒப்புக்கொள்வோரும் இருக்கிறார்கள். கணக்குப் பார்ப்பது அன்புக்கு எதிரானது என்று அவர்கள் எண்ணுகிறார்கள். ஆனால், குதிரை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வாழக்கூடிய விலங்கு. அத்தனை ஆண்டுகளும் அதற்கு வேளை தவறாமல் உணவு கிடைக்க வேண்டுமானால், லாயத்தின் கணக்கு ஒவ்வொரு மாதமும் சரியாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை நீங்கள் ஒரு லாயத்தைக் கடந்து செல்லும்போது, குதிரைகளின் அழகோடு சேர்த்து, அவற்றின் பின்னே அடுக்கி வைத்திருக்கும் புல் கட்டுகளையும் சற்று நின்று பாருங்கள். அவை எத்தனை நாளைக்கு வரும், அடுத்த கட்டுகளுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று லாயக்காரர் அன்று காலையிலேயே கணக்குப் போட்டிருப்பார்.