வேதாந்தம் உறுமும்போது

மலேசியாவின் மூவாரிலிருந்து தெற்கே சாலை வழியாக இருநூறு கிலோமீட்டர் முடிவதற்குள் சிங்கப்பூர் வந்துவிடும். அங்கே 1992-இல் பிறந்த இசைக்குழு ‘ருத்ரா’. பாஸ் கிதார் வாசித்துக்கொண்டே பாடுபவர் கதிர். டிரம்ஸ் வாசிப்பவர் சிவா. டெத் மெட்டல் என்னும் முரட்டு இசையில் உபநிடதக் கருத்துகளைப் பாடுகிறார்கள். நடுநடுவே சமஸ்கிருத மந்திரங்கள் ஒலிக்கும். தங்கள் பாணிக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் ‘வேதிக் மெட்டல்’. முதல் ஆல்பம் 1998-இல் வந்தது. 2005, 2009, 2011 என மூன்று பாகங்களாக வெளிவந்த ‘பிரம்மவித்யா’வைத்தான் அவர்களுடைய சாதனையாகச் சொல்வேன்.

முதன்முறை கேட்பவர் அந்தக் குரலில்தான் தடுக்கி நிற்பார். மனிதத் தொண்டையிலிருந்தா இது வருகிறது?

ஆம், எல்லார் தொண்டையிலும் இருக்கும் ஓர் உறுப்பிலிருந்துதான். பேசும்போது அதிர்பவை குரல் நாண்கள். ஆண்களுக்கு நொடிக்கு நூறு முறைக்குச் சற்று மேலே அதிரும். அவற்றுக்கு நேர் மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் உண்டு. பொய்க் குரல் நாண்கள் என்று அவற்றுக்குப் பெயர். விழுங்கும்போது மூச்சுக்குழாயை அடைப்பதும், பாரம் தூக்கும்போது மூச்சை இறுக்கிப் பிடிப்பதும் அவற்றின் வேலை. பேச்சில் ஒதுங்கியே இருக்கும். பாடகர் அவற்றை நெருக்கிக் காற்றைச் செலுத்தினால் அவையும் தளர்வாக, ஒழுங்கற்று அதிரத் தொடங்கும். சீரான சுருதி குலைந்து உறுமலாகிறது. கோயில் திருவிழாவில் உறுமி மேளம் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. வளைந்த குச்சி தோலில் உராய்ந்து, பிடித்துப் பிடித்து வழுக்கும்போது எழும் முனகலும் இப்படித்தான் நம் வயிற்றைப் பிசையும்.

சைபீரியாவின் துவா மக்கள் ‘கர்கிரா’ என்னும் பாணியில் பாடும்போதும் இதே மடிப்புகள்தாம் வேலை செய்கின்றன. ஆனால் அங்கே ஒழுங்கு உண்டு. குரல் நாண்கள் இரண்டு முறை அதிர்ந்தால் இவை ஒரு முறை அதிரும்; சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும்.

உறுமல் ஏன் நம்மைத் திடுக்கிட வைக்கிறது? நொடிக்கு 30 முதல் 150 முறை வரை ஒலியின் வலிமை ஏறி இறங்கினால் காது அதைக் கரடுமுரடாக உணர்கிறது. மனித அலறல் இந்த எல்லைக்குள் விழுகிறது, அபாயச் சங்குகளும் அப்படியே, மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவை இது தூண்டுகிறது என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

எனக்குப் பெரும் வியப்பு கிதாரில்தான். மெட்டல் கிதார் பெரும்பாலும் ச, ப இரண்டை மட்டும் சேர்த்து மீட்டும். நம் தம்புராவின் அதே உறவு. ச 110 ஹெர்ட்ஸ் என்றால் ப 165. பெருக்கியை அளவுக்கு மீறி முடுக்கும்போது ஒலியலைகளின் உச்சி மழுங்கி, புதிய அதிர்வுகள் பிறக்கின்றன. அவற்றில் ஒன்று இரண்டின் வித்தியாசம்: 55 ஹெர்ட்ஸ். அதாவது கீழ் ஸ்தாயி ச! அந்தச் சுரத்தை எந்தக் கம்பியும் மீட்டவில்லை. ஆனாலும் கேட்கிறது. இதே பெருக்கியில் அந்தர காந்தாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். வித்தியாச ஒலிகள் ஒன்றோடொன்று முட்டி, எல்லாம் கலங்கிவிடும். அதனால்தான் மெட்டல்காரர்கள் பஞ்சமத்தை விடுவதில்லை.

டிரம்ஸில் இரண்டு பாதங்களும் மாறி மாறி மிதிக்கின்றன. நிமிடத்துக்கு 200 துடிப்பு, துடிப்புக்கு நான்கு மிதி என்றால் நொடிக்குப் பதின்மூன்றுக்கு மேல். இருபதைத் தொட்டால் காது அடிகளைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாமல் தாழ்ந்த சுரமாகவே கேட்கத் தொடங்கும். தாளம் சுருதியாக மாறும் அந்த எல்லைக்கு அருகில்தான் இந்தக் கலைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இத்தகைய இசையைக் கண்டு அஞ்சுவோரும் உண்டு. மலேசியாவில் 2001-இல் மெட்டலின் இன்னொரு கிளையான பிளாக் மெட்டல் இசையைப் பற்றிப் பெரும் சர்ச்சை எழுந்தது. 2006-இல் தேசிய ஃபத்வா மன்றம் அது முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டது என்றது. தீவிர மெட்டல் என்றாலே சாத்தான் வழிபாடு என்று பல பெற்றோர்கள் இன்றும் அஞ்சுகிறார்கள். பிள்ளை என்ன கேட்கிறான் என்ற அவர்கள் கவலை நியாயமானது. அதற்கு விடை பாடல் வரிகளில்தான் கிடைக்கும், தொண்டையில் கிடைக்காது. 2019-இல் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வன்முறை வரிகள் கொண்ட டெத் மெட்டலின் ரசிகர்களையே சோதித்தார்கள். வன்முறைக் காட்சிகளுக்கு அவர்களுடைய உணர்வு மரத்துப்போயிருக்கவில்லை. அதே உறுமலில் ருத்ரா ஆத்மாவைப் பற்றிப் பாடுகிறது.

கேட்க விரும்புவோர் 2005-ஆம் ஆண்டின் ‘பிரம்மவித்யா’வில் தொடங்குங்கள். வரிகளைக் கண் முன் வைத்துக்கொள்ளுங்கள். ஒலியளவைக் குறைத்தே வையுங்கள்: 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்பது காதுக்கு ஆபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம்.